பாத்துப் போடா

1

போன வாரம் நகராட்சியிலிருந்து ஒரு படிவம் வந்தது. இந்த நாட்டில் படிவம் வராத வாரம் கிடையாது. பிள்ளைக்குப் பல் முளைத்தால் ஒன்று, விழுந்தால் ஒன்று. கோத்தன்பர்க்குக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. சுவீடிஷ் மொழியில் நான் தடங்கலில்லாமல் படிப்பது படிவங்களை மட்டும்தான்.

இது என் மகள் பர்வீனைப் பற்றியது. பதினாறு வயது, மேல்நிலைப் பள்ளிக்குப் போகப் போகிறாள். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு அந்த மொழியையும் பள்ளியிலேயே சொல்லிக்கொடுப்பது இங்கே வழக்கம். இத்தனை காலம் தமிழுக்கு ஆள் இல்லை. இப்போது இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் வந்துவிட்டதால் ஒரு டீச்சர் கிடைத்திருக்கிறார். விருப்பமுள்ளவர்கள் நிரப்பி, தகப்பன் கையெழுத்தோ தாய் கையெழுத்தோ வாங்கிக் கொடுக்க வேண்டும்.

கேள்விகள் சின்னவைதான். வீட்டு மொழி எது? புரியுமா? பேசுவாரா? பேசுவாரென்றால் யாரோடு? கடைசிக் கேள்விக்கு நான்கு கட்டங்கள்: தாய், தகப்பன், உடன்பிறந்தோர், மற்றவர்.

பர்வீன் தானே நிரப்பிச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தாள். தமிழ். புரியும். பேசுவாரா என்பதற்கு எதிரே 'இல்லை' என்று எழுதவில்லை, 'நிறுத்திவிட்டேன்' என்று எழுதியிருந்தாள். நான்கு கட்டங்களும் காலியாக இருந்தன.

'மறந்துவிட்டேன்' என்று எழுதியிருந்தால் ஒரு பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருப்பேன். நிறுத்துவது என்றால் அதற்கு ஒரு நாள் இருக்க வேண்டும், ஒரு காரணம் இருக்க வேண்டும்.

"ஏன் நிறுத்துன?" என்று கேட்டேன்.

ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடியே, "ஏற்காடு" என்றாள். அந்த ஒரு சொல்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சுவீடிஷில் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள். அவள் அதை மறந்துவிட்டாள் என்று பத்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு வசதியான நம்பிக்கை.

2

ஆறு வயதுப் பர்வீன் வாய் ஓயாமல் தமிழ் பேசியவள். வீட்டுக்கு வெளியே ஒரு மொழி, கதவைத் திறந்து உள்ளே வந்தால் இன்னொரு மொழி என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஷூவைக் கழற்றும்போதே சுவீடிஷையும் கழற்றிவிடுவாள். நானும் மனைவி ஜமீலாவும் இதைப் பற்றிக் கண்டவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டோம்.

ஒன்றை மட்டும் நாங்கள் கவனிக்கவில்லை. அவள் கேட்ட தமிழெல்லாம் ஒரு தாயும் தகப்பனும் பிள்ளைகளைப் பார்த்துப் பேசும் தமிழ். வா, போ, உக்காரு, தின்னு, தொடாதே, பாத்து நட. பெரியவர்களிடம் ஒரு சிறுபிள்ளை எப்படிப் பேசும் என்று கேட்டுப் பழக அந்த மூன்றாம் மாடி வீட்டில் அவளுக்கு மூத்த பிள்ளையும் இல்லை, இன்னொரு பெரியவரும் இல்லை. ஜமீலா என்னை 'வாங்க, சாப்பிடுங்க' என்பாள். அது அம்மாவும் அத்தாவும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பேச்சு என்று பிள்ளை எடுத்துக்கொண்டுவிட்டாள். எங்கள் வீடுகளில் தகப்பனை அத்தா என்போம், அவருடைய அண்ணனைப் பெரியத்தா என்போம்.

தம்பி அன்வர் பிறந்ததும் அவளே ஒரு இலக்கணமும் கண்டுபிடித்தாள். அவளைக் கொஞ்சும்போது நாங்கள் 'டி' போடுவோம், அவனைக் கொஞ்சும்போது 'டா'. ஆகவே பெண் என்றால் டி, ஆண் என்றால் டா, பிரியம் உள்ள இடத்தில் போட வேண்டும். கேட்டதை வைத்துப் பார்த்தால் அதில் ஒரு பிழையும் இல்லை.

வெளியிலாவது மரியாதை கற்றிருப்பாளா என்றால் இந்த நாட்டில் அதற்கும் வழியில்லை. சுவீடிஷில் எல்லோரும் 'டூ'. டூ என்றால் நீ. தலைமை ஆசிரியரும் டூ, டாக்டரும் டூ. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பட்டறை மேலாளர் என் பக்கம் விரலை நீட்டி 'டூ' என்றார். சேலத்தில் வளர்ந்தவனுக்கு எப்படி இருக்கும்? சுண்டுவிரலைக் காட்டி டூ விட்டால் இனி உன்னோடு பேச்சில்லை என்று அர்த்தம். நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து நீட்டிப் பழம் விட்டால்தான் திரும்பப் பேச்சு. வந்த வாரமே இந்த மனுஷன் நம்மோடு சண்டை போடுகிறாரே என்று பயந்துபோனேன். இதைச் சொல்லி எத்தனையோ விருந்துகளில் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

3

எண்பத்து நாலு மே மாதம் ஐந்து வாரம் விடுமுறையில் ஊருக்குப் போனோம். பிள்ளைகளுக்கு அதுதான் முதல் பயணம். சேலத்து வெயிலில் இரண்டு பேருக்கும் உடம்பு முழுக்க வேர்க்குரு. பர்வீன் அம்மாவின் முந்தானைக்குள்ளேயே இருந்தாள். வந்து பார்த்த உறவுக்காரர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளிநாட்டுப் பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள்.

என் அண்ணன் காதர் ஏற்காட்டில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி மளிகைக் கடை வைத்திருந்தார். என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். அத்தா சீக்கிரம் போய்விட்டதால் என்னைப் படிக்க வைத்ததும் அவர், சுவீடனுக்கு அனுப்பிவைத்ததும் அவர். அவருக்குப் பிள்ளை இல்லை. எங்களைப் பார்க்க இறங்கி வந்தவர், பிள்ளைகளின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொளந்தைங்க வெந்து போயிருக்குதுங்கடா. ரெண்டு நாளைக்கி மலைக்கிக் கூட்டிக்கிட்டு வா. கடைய அடைச்சுப்போடறேன்."

மே மாதம் ஏற்காட்டுக்கு சீசன். வருடம் முழுக்க நடக்காத வியாபாரம் அப்போதுதான் நடக்கும். அந்த நேரத்தில் கடையை அடைப்பதென்றால் என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா தலையாட்டினேன். வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்கு இதெல்லாம் நடக்க வேண்டியதுதான் என்ற எண்ணம் எப்படியோ வந்துவிட்டிருந்தது.

இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பதினொன்றாவதில் அன்வர் வாந்தி எடுத்தான். மேலே போய் இறங்கியதும் பர்வீன் மூக்கை விரித்துக் காற்றை இழுத்தாள். கடைத்தெருவில் ஆட்கள் மப்ளர் சுற்றியிருக்க, என் பிள்ளைகள் இரண்டும் பனியனோடு ஓடின. அன்று சாயங்காலமே பர்வீனுக்கு வாய் திறந்துவிட்டது. பெரியத்தாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு ஏரியைச் சுற்றி வந்தாள். குரங்கு ஏன் வேர்க்கடலைத் தோலைத் துப்புகிறது, மிளகுக்கொடி ஏன் மரத்தைக் கட்டிக்கொண்டு ஏறுகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவரும் சளைக்காமல், "அது அப்பிடித்தாஞ் சாமி, அதுக்கும் புடிமானம் வேணுமில்ல" என்று பதில் சொல்லிக்கொண்டே நடந்தார். அவர் இப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

4

மறுநாள் மஞ்சக்குட்டை போகும் ஜீப்பில் ஏறி, வழியில் ஒரு காப்பி எஸ்டேட் பக்கம் இறங்கினோம். எஸ்டேட்டின் ரைட்டர் சின்னசாமி, என் அண்ணன் கடையின் பழைய வாடிக்கைக்காரர். ஆட்களின் கணக்கையும் வேலையையும் பார்ப்பவர், மலையில் மதிப்பானவர். பிள்ளைகள் விளையாட உள்ளே ஒரு ஓடை இருக்கிறது என்று அவரே கூட்டிக்கொண்டு போனார். அண்ணி தூக்குப்போசியில் நெய்ச்சோறும் கறி வறுவலும் போட்டுக் கொடுத்திருந்தார்.

அண்ணனை ரைட்டர் 'வாங்க பாய், பாத்து வாங்க' என்று ஒவ்வொரு படியிலும் சொல்லிக்கொண்டு போனதைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எங்கள் பக்கத்தில் மரியாதை என்பது அந்த 'ங்க'வில்தான் இருக்கிறது. அண்ணன் அதை அந்த மலையில் நாற்பது வருடம் உழைத்துச் சம்பாதித்திருந்தார்.

ஓடையில் முழங்கால் அளவுத் தண்ணீர். நடுவில் பாறைகள். சாப்பிட்டு முடித்து, அண்ணன் அன்வரைத் தோளில் வைத்துக்கொண்டு பாறை பாறையாக அக்கரைக்குப் போக ஆரம்பித்தார். அவருக்கு அப்போதே மூட்டுவலி உண்டு. நான் கரையில் நின்று ரைட்டரிடம் சுவீடனில் பனி எவ்வளவு உயரம் கொட்டும் என்று அளந்துகொண்டிருந்தேன். பர்வீன் எனக்குப் பக்கத்தில் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று நிமிர்ந்து, தன்னால் முடிந்த மட்டும் கத்தினாள்.

"டேய் பெரியத்தா! பாத்துப் போடா!"

அண்ணன் காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார். ரைட்டர் சட்டென்று முகத்தைத் திருப்பிக் காப்பிச் செடியைப் பார்த்தார். பார்க்காத மாதிரி இருப்பது அவருடைய நாகரிகம். அந்த நாகரிகம்தான் என்னைச் சுட்டது. என் கை எப்போது உயர்ந்தது என்று தெரியாது. பர்வீன் கன்னத்தில் விழுந்த சத்தம் ஓடைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அவள் அழவில்லை. என்னை அண்ணாந்து பார்த்தாள். கோபமில்லை, என்ன ஆயிற்று என்று கேட்கிற பார்வை.

"கொளந்தைங்கதானுங்களே. தெரியாமச் சொல்லியிருக்குமுங்க" என்றார் ரைட்டர், செடியைப் பார்த்தபடியே.

அண்ணன் வேறு பாறையில் கால் வைத்துத் திரும்பி வந்து அன்வரை இறக்கினார். "ஏண்டா அடிச்ச? அந்தக் கல்லு பூரா பாசி. அது கத்தலீன்னா நானும் பையனும் இந்நேரம் உள்ள கெடப்போம்."

"உங்களப் போயி டேய்ங்கறாளேண்ணே. அதும் ரைட்டருக்கு முன்னால."

"சொன்னாச் சொல்லிட்டுப் போவுது, உடு" என்றார். பிறகு மூட்டைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "வலிக்குதா கண்ணு? பெரியத்தாகிட்ட வா."

பர்வீன் என் பக்கம் விரலை நீட்டி, சுவீடிஷில் ஏதோ சொன்னாள். 'டூ' என்று தொடங்கியது. நீ ஒரு முட்டாள் என்று சொன்னாள். அது எனக்கு மட்டும் புரிந்தது. அண்ணனின் காதில் விழுந்தது முதல் சொல் மட்டும்தான்.

"டூ வுட்டுட்டயா? அய்யோ, வேண்டாஞ் சாமி. பழம் வுட்டுரு. இந்தா, பழம்." இரண்டு விரலைச் சேர்த்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அவள் அந்த விரல்களைப் பார்த்து ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். டூவும் பழமும் அவளுக்கு என்ன தெரியும்? நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "விடுங்கண்ணே, அடம்" என்றேன். ஜமீலாவும் தூக்குப்போசியைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் நாங்கள் மலை இறங்கக் கிளம்பும்போது பஸ் ஜன்னலுக்குக் கீழே நின்று அண்ணன் மறுபடியும் இரண்டு விரலை நீட்டினார். பர்வீன் ஜன்னலை விட்டு நகர்ந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பஸ் திரும்பும் வரைக்கும் அவர் கையை இறக்கவில்லை.

5

கோத்தன்பர்க் திரும்பியதும் தமிழில் கேட்டால் சுவீடிஷில் பதில் வந்தது. களைப்பு என்றோம். பள்ளிக்கூடம் தொடங்கியதும் பள்ளிக்கூடத்தைச் சொன்னோம். அக்காவைப் பார்த்து அன்வரும் அப்படியே வளர்ந்தான். அவனுக்கு இன்று ஐஸ் ஹாக்கியும் சுவீடிஷும் போதும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஊர்க்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் பிரசங்கம் செய்தேன். இந்த நாடு சம்பளம் கொடுக்கிறது, பிள்ளைகளைப் பறித்துக்கொள்கிறது என்றேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஊருக்கு எழுதிய கடிதங்களிலும் அதையே எழுதினேன். குற்றம் சொல்ல ஒரு முழு நாடே கிடைத்திருக்கும்போது ஒரு மனிதன் தன் கையை எதற்குத் திரும்பிப் பார்க்கப் போகிறான்?

அண்ணனிடமிருந்து ஒவ்வொரு பெருநாளுக்கும் கடிதம் வரும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'பாப்பா பழம் விட்டுதா?' படித்துச் சிரித்துவிட்டு மடித்து வைத்துவிடுவேன். ஒரு தடவைகூட அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. காட்டினால் அந்த ஓடையைப் பற்றிப் பேச வேண்டி வரும்.

6

படிவம் வந்த அன்று சாயங்காலம் அவள் எதிரே உட்கார்ந்து கேட்டேன். சுவீடிஷில்தான் சொன்னாள். அவள் சொன்ன 'டூ'வை 'நீ' என்று எழுதுவதா, 'நீங்கள்' என்று எழுதுவதா என்று யோசித்துப் பார்த்தேன். 'நீ' என்றே எழுதுகிறேன். அதற்காக ஒரு முறை அடித்தது போதும்.

"எனக்கு அவர் விழுந்துவிடுவார் என்று பயம். அதைச் சொன்னேன். நீ அடித்தாய். எந்த வார்த்தை தப்பு என்று நீ சொல்லவே இல்லை. எது தப்பு என்று தெரியாததால் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்."

 அழவில்லை. வானிலை அறிக்கை வாசிப்பவர் மாதிரி சொல்லிவிட்டுத் தேநீரை ஆற்றினாள்.

ஒரு காகிதத்தை எடுத்து எழுதிக் காட்டினேன். போ. போடா. போங்க. மூன்றையும் சுற்றி, யாருக்கு எது என்று அம்புக்குறி போட்டேன். ஒரு ஓடைக்கரையில் குந்தி உட்கார்ந்து ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டியதைப் பத்து வருடம் கழித்து மேசை விளக்குக்குக் கீழே சொன்னேன். அவள் கவனமாகப் பார்த்தாள்.

"அப்படியென்றால் அவர் ஏன் அந்த விரலைக் காட்டினார்?" என்று கேட்டாள்.

"எந்த விரல்?"

இரண்டு விரலைச் சேர்த்து நீட்டினாள். "இன்னும் இரண்டு அடி பாக்கி இருக்கிறது என்கிறார் என்று நினைத்தேன். பஸ்ஸிலும் காட்டினார். அதனால்தான் அவரிடம் போகவில்லை."

அடித்ததைவிட இது எனக்குப் பெரிதாக இருந்தது. கெஞ்சிய மனிதரைப் பார்த்துப் பிள்ளை பத்து வருடம் பயந்திருக்கிறாள். இடையில் இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன் இருந்திருக்கிறேன். பழம் என்றால் என்னவென்று சொன்னேன். பெருநாள் கடிதங்களை எடுத்து வந்து கடைசி வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். மூன்றாவதிலேயே அவள் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

7

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஏற்காட்டுக்குப் போன் போட்டோம். அங்கே மதியம் தாண்டியிருக்கும், கடையில் கூட்டம் குறைந்திருக்கும். பர்வீன் சுவீடிஷ் எழுத்தில் தமிழ் வாக்கியங்களை ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தாள். சனிக்கிழமை முழுக்க அம்மாவிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். என்னிடம் சொல்லிப் பார்க்கவில்லை.

அண்ணன் போனில் பேசினால் அறை முழுக்கக் கேட்கும்.

"ஆரு? பாப்பாவா? நம்ம பர்வீனா?"

"பெரியத்தா, நல்லா இருக்கீங்களா?" சீட்டைப் பார்த்து வாசித்தாள்.

"இருக்கறஞ் சாமி. நொம்ப நல்லா இருக்கறேன்."

அவள் சீட்டைக் கீழே வைத்தாள். "பெரியத்தா. பழம்."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"இன்னொருக்காச் சொல்லு கண்ணு."

"பழம். நான் உங்களோட டூ இல்ல. எப்பவும் இல்ல." பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "கால் வலியா? பாத்துப் போங்க" என்றாள்.

"அதென்ன போங்க கீங்கன்னுட்டு? கடைக்கு வாரவிய அத்தன பேரும் அதையேதாஞ் சொல்றாங்க. உங்க பெரியம்மாளும் அதேதான். அன்னிக்கி ஓடையில சொன்னயே, அந்த மாதிரி சொல்லு. எங்கம்மா போனதுக்கப்பறம் என்னைய டேய்ன்னு கூப்புட ஆருமில்ல சாமி. நீ ஒருத்திதான் கூப்புட்ட. அதையும் உங்கத்தாக்காரன் கெடுத்துப்போட்டான்."

பர்வீன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தை அல்ல, என் கையைப் பார்த்தாள். நான் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். அவள் சுவர் பக்கமாகத் திரும்பி, எனக்குக் கேட்கக் கூடாது என்பது போல மெதுவாகச் சொன்னாள்.

"பாத்துப் போடா, பெரியத்தா."

அண்ணன் சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. அவர் மரியாதையைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவருக்குக் கிடைத்த ஒரே உரிமைக்காரியின் வாயை நான் அடைத்திருக்கிறேன்.

போனை வைத்துவிட்டுப் பர்வீன் படிவத்தை எடுத்து ஏதோ திருத்தி என் முன்னால் தள்ளினாள். "நாளைக்குக் கொடுக்க வேண்டும், கையெழுத்துப் போடு" என்றாள். சுவீடிஷில்தான்.

'நிறுத்திவிட்டேன்' என்பதை அடித்துவிட்டு 'பேசுவேன்' என்று எழுதியிருந்தாள். யாரோடு என்ற கேள்வியில் 'மற்றவர்' என்ற கட்டத்தில் ஒரு குறி. பக்கத்தில் சுவீடிஷ் எழுத்தில் 'பெரியத்தா' என்று இருந்தது. தகப்பன் என்ற கட்டம் காலியாகவே இருந்தது. அதற்குக் கீழே தகப்பன் கையெழுத்துப் போடும் இடம். போட்டேன்.